ஓடுபவரின் சப்ளிமென்ட் நோட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு வருடமாக ஓடிய தூரத்தோடு, விழுங்கிய மாத்திரையையும் பவுடரையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கூட ஓடுகிறவர்களுக்கு இது தெரியும். ஓட்டம் முடிந்து காலை நீட்டி உட்கார்ந்ததும் யாராவது ஒருவர் சந்தேகத்தோடு பக்கத்தில் வந்துவிடுவார். ஆள் மாறும், கேள்வி மாறாது. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. தினமும் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், சிறுநீரகம், கல்லீரல், இதயத்தில் தொந்தரவு உள்ளவர்கள் இதைப் படித்ததும் போக வேண்டிய இடம் மருத்துவரிடம்தான், கடைக்கு அல்ல.

புதுசா ஓட ஆரம்பிச்சிருக்கேன். முதல்ல எந்த சப்ளிமென்ட் வாங்கறது?

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். கிண்டல் இல்லை. புதிதாக ஓடுகிறவருக்கு முதல் ஐந்தாறு மாதம் எதுவும் எடுக்காமலேயே வேகம் கூடும், மூச்சு வாங்குவது குறையும். அந்தச் சமயத்தில் எதை விழுங்கினாலும் அதுதான் வேலை செய்தது போலத் தெரியும். தோழி ஒருத்தி ஓடத் தொடங்கிய அதே வாரம் ஒரு பவுடரையும் தொடங்கினாள். மூன்று மாதத்தில் அவளுடைய 5 கி.மீ. நேரம் நான்கு நிமிடம் குறைந்தது. நல்ல பெயரெல்லாம் பவுடருக்குப் போய்விட்டது.

எதையும் தொடங்குவதற்கு முன் நான்கு வாரமாவது சும்மா ஓடி எழுதுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பக்கங்கள்தான் கை கொடுக்கும்.

அந்த நோட்டுல அப்படி என்னதான் எழுதுவீங்க?

ஒரு நாளின் பதிவை அப்படியே தருகிறேன்: "செவ்வாய். தூக்கம் 6 மணி 10 நிமிடம். எழுந்ததும் நாடி 54. எடை 61.4. ஈஸி ரன் 8 கி.மீ., பேஸ் 6:35, சராசரி நாடி 142. வெப்பம் 29 டிகிரி, புழுக்கம். சிரமம் 10-க்கு 4. பீட்டா-அலனின் 3.2 கிராம், 19-ஆம் நாள். வலது கெண்டைக்கால் இறுக்கம்." பேஸ் என்பது ஒரு கி.மீ. ஓட ஆகும் நிமிடம், பீட்டா-அலனின் ஓர் அமினோ அமிலப் பவுடர். எழுத இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இதில் பலர் விட்டுவிடுவது மூன்று: தூக்கம், வெப்பம், எத்தனையாவது நாள் என்ற எண். பெண்கள் மாதவிடாய் நாளையும் குறித்துக்கொள்வது நல்லது. இவை இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டும்போது, வேகம் கூடியது மாத்திரையாலா, வெயில் தணிந்ததாலா என்று சொல்லவே முடியாது. அப்புறம், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். புது ஷூ, புது பவுடர், புது பயிற்சித் திட்டம் மூன்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கினால் அந்த மாதப் பக்கங்களால் ஒரு பயனும் இல்லை. நானே இப்படி இரண்டு மாதங்களை வீணாக்கியிருக்கிறேன்.

எத்தனை நாள்ல வித்தியாசம் தெரியும்?

பொருளைப் பொறுத்தது. காஃபின் ஒரு மணி நேரத்தில் தெரியும். பீட்ரூட் ஜூஸில் உள்ள நைட்ரேட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம். கிரியேட்டினைத் தினம் 3 முதல் 5 கிராம் வீதம் எடுத்தால் தசை நிரம்ப மூன்று நான்கு வாரம் ஆகும். பீட்டா-அலனினுக்கும் கிட்டத்தட்ட நான்கு வாரம். இரும்பு, விட்டமின் டி இரண்டுக்கும் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். சிவப்பணுவின் ஆயுளே சுமார் 120 நாள் எனும்போது, பத்தாம் நாள் "களைப்பு போயிடுச்சு" என்பவரை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

நிறுத்தினாலும் இதே கதைதான். கிரியேட்டினை விட்ட பிறகு தசையில் பழைய அளவு திரும்ப நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். நிறுத்திய அடுத்த வாரத்தை "எடுக்காத வாரம்" என்று எழுதிவிடாதீர்கள்.

சரி, ஓடுறவங்களுக்கு உண்மையிலேயே வேலை செய்யறது எது?

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2018-இல் வெளியிட்ட நிபுணர் அறிக்கையில், நேரடியாக விளையாட்டுத் திறனைக் கூட்ட நல்ல ஆதாரம் உள்ளவை என்று ஐந்தைத்தான் சொன்னார்கள்: காஃபின், கிரியேட்டின், நைட்ரேட், பீட்டா-அலனின், சோடியம் பைகார்பனேட் (சமையல் சோடா). கடை அலமாரியில் இருக்கும் நூற்றுக்கணக்கான டப்பாக்களில் ஐந்தே ஐந்து. அந்த ஐந்திலும் நெடுந்தூரம் ஓடுகிறவருக்குப் பொருந்துவது இன்னும் குறைவு.

பீட்டா-அலனினும் பைகார்பனேட்டும் ஒன்றிலிருந்து பத்து நிமிடத்துக்குள் முடியும் கடும் முயற்சிக்கு உதவுபவை. 800 மீட்டர், 1500 மீட்டர் ஓடுகிறவர் யோசிக்கலாம். மாரத்தான் ஓடுகிறவர் பைகார்பனேட்டை விழுங்கினால் நேரம் குறைவதற்குப் பதில் கழிப்பறை தேடும் நேரம் கூடலாம். வயிற்றைக் கலக்குவதில் அதற்கு நிகர் கிடையாது. பீட்டா-அலனின் எடுத்தால் முகம், கை எல்லாம் ஊசி குத்துவது போல் குறுகுறுக்கும். அது ஆபத்தில்லை, அளவைப் பிரித்து எடுத்தால் குறையும். கிரியேட்டின் வேக ஓட்டத்துக்கும் எடைப் பயிற்சிக்கும் நல்லது, ஆனால் உடலில் நீர் எடை ஏறும். நெடுந்தூரக்காரருக்கு மிஞ்சுவது காஃபின், ஓரளவுக்கு நைட்ரேட்.

இரும்பு, விட்டமின் டி, பி12 எல்லாம் வேறு வகை. குறை இருந்தால் அதைச் சரி செய்யும், அவ்வளவுதான். குறை இல்லாதவருக்கு அவற்றால் கூடுதல் வேகம் வராது.

காஃபின் மாத்திரை போட்ட அன்னிக்கு சூப்பரா ஓடினேன். அடுத்த ரெண்டு நாளும் சொதப்பல். ஏன்?

எத்தனை மணிக்குப் போட்டீர்கள்? காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு இன்னும் கூட. மாலை ஐந்து மணிக்கு 200 மி.கி. என்றால், இரவு பத்து மணிக்கும் 100 மி.கி. உள்ளேயே இருக்கும். அன்று வேகமாக ஓடியதையும் அன்றிரவு தூங்காததையும் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தால் பதில் உங்கள் நோட்டிலேயே இருக்கும்.

ஆய்வுகளில் பயன்படுத்தும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மி.கி., ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன். 60 கிலோ உள்ளவருக்கு 180-இல் தொடங்கலாம், அதற்குக் குறைவாகவும் பலருக்குப் போதும். படபடப்பு வருகிறவர்கள் விட்டுவிடுங்கள். சுத்தக் காஃபின் பவுடரை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஒரு டீஸ்பூன் பவுடரில் இரண்டு டஜன் கப் காபிக்கு மேல் காஃபின் இருக்கும். கை தவறினால் உயிருக்கே ஆபத்து.

பீட்ரூட் ஜூஸ் வாரக்கணக்குல குடிச்சேன், ஒண்ணுமே ஆகல.

மவுத்வாஷ் பயன்படுத்துகிறீர்களா? நான் இதைக் கேட்டால் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. நாம் விழுங்கிய நைட்ரேட்டில் ஒரு பகுதி ரத்தத்திலிருந்து எச்சிலுக்குத் திரும்பி வரும். நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். அது பிறகு உடலில் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக் குழாயைத் தளர்த்தும். கிருமிநாசினி மவுத்வாஷால் கொப்பளித்தால் அந்தப் பாக்டீரியா செத்துப்போகும், சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

மவுத்வாஷ் இல்லை என்றால், அளவு போதாமல் இருக்கலாம். ஆய்வுகளில் சுமார் 300 முதல் 600 மி.கி. நைட்ரேட் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு ஜூஸிலும் அது எக்கச்சக்கமாக மாறுபடும். நீங்கள் ஏற்கெனவே நன்றாகப் பயிற்சி பெற்றவர் என்றால் பலன் குறைவாகவே இருக்கும். சிறுநீர் சிவந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் ஜூஸ் குடிக்காத நாளிலும் சிவந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கிரியேட்டின் ஆரம்பிச்சதும் ஒன்றரை கிலோ ஏறிடுச்சு. டெஸ்ட்ல கிரியாட்டினினும் கூட காட்டுது. கிட்னி போச்சா?

எடை ஏறியது பெரும்பாலும் தசைக்குள் போன தண்ணீர். கிரியாட்டினின் என்பது கிரியேட்டின் சிதைந்து வரும் கழிவு. உள்ளே போவது கூடினால் வெளியே வருவதும் சற்றுக் கூடும். சிறுநீரகம் ஆரோக்கியமாக இருப்பவருக்கு, சொன்ன அளவில் எடுத்தால் அது பழுதாகும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் "அது சப்ளிமென்ட்டாலதான்" என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கிரியேட்டின் எடுப்பதை மருத்துவரிடம் சொன்னால், சிஸ்டாட்டின் சி என்ற வேறு பரிசோதனையால் உறுதி செய்துகொள்வார்.

அக்கா, எப்பவும் களைப்பாவே இருக்கு. இரும்பு மாத்திரை போட்டுக்கலாமா?

பரிசோதனை செய்யாமல் கூடாது. இந்த ஒன்றில் நான் பிடிவாதக்காரி. இரும்பு உடம்பில் சேர்ந்தால் எளிதில் வெளியேறாது. பிறவியிலேயே இரும்பை அதிகமாக உறிஞ்சும் தன்மை சிலருக்கு உண்டு, அவர்களுக்குக் கல்லீரலும் இதயமும் கெடும். களைப்புக்குக் காரணம் தூக்கமாக, தைராய்டாக, ஓடும் அளவுக்குச் சாப்பிடாததாகவும் இருக்கலாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் வருடம் ஈஸி ரன்னே மலை ஏறுவது போல இருந்தது. ஹீமோகுளோபின் 12.6, "நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து வேறொரு மருத்துவர் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொன்னார். 14 வந்தது. ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்பு, ஹீமோகுளோபின் கையில் புழங்கும் பணம். கையில் பணம் புரளும்போதே சேமிப்பு கரைந்துவிடலாம். அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை கொடுத்தார். 2017-இல் வந்த ஓர் ஆய்வில், இரும்பு குறைந்த பெண்களிடம் அதே எண்ணிக்கை மாத்திரைகளைத் தினமும் கொடுத்ததைவிட நாள் விட்டு நாள் கொடுத்தபோது அதிகம் உறிஞ்சப்பட்டது. காரணம் ஹெப்சிடின் என்ற ஹார்மோன். இரும்பு உள்ளே போனதும் அது ஏறி, குடலின் கதவைச் சாத்திவிடும். கடுமையாக ஓடி மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்திலும் அது ஏறும். அதனால் காலையில் ஓடிய அரை மணிக்குள் விழுங்கிவிடுவேன், மதியத்துக்குத் தள்ளமாட்டேன். டீ, காபி, கால்சியம் மாத்திரை எதுவும் அந்த நேரத்தில் கிடையாது.

மூன்று மாதத்தில் ஃபெரிட்டின் 38. அதே 6:35 பேஸில் நாடி 158-இலிருந்து 149-க்கு இறங்கியிருந்தது. இதிலும் ஓர் ஓட்டை உண்டு: அந்த மூன்று மாதத்தில் வெயிலும் குறைந்திருந்தது. அந்த ஒன்பது துடிப்பில் இரும்புக்கு எத்தனை, காற்றுக்கு எத்தனை என்று நோட்டால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ரத்தப் பரிசோதனைக்கு முன்னாடி எதை எல்லாம் நிறுத்தணும்?

எல்லாரும் மறப்பது பயோட்டின். முடி, நகத்துக்கென்று விற்கும் மாத்திரைகளில் அது அதிக அளவில் இருக்கும். சில வகைப் பரிசோதனைகளில் தைராய்டு எண்களையும், மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனினையும் அது தவறாகக் காட்ட வைக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. எத்தனை நாள் முன் நிறுத்துவது என்பது அளவைப் பொறுத்தது, பரிசோதனை எழுதிக் கொடுத்தவரையே கேளுங்கள்.

இன்னொன்று, ஓட்டத்தையே நிறுத்த வேண்டும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் சிகே, ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற ரத்த நொதிகள் எல்லாம் பல நாள் உயர்ந்தே இருக்கும். கடைசி இரண்டும் "கல்லீரல் டெஸ்ட்" என்று பெயர் வாங்கினாலும் தசையிலிருந்தும் வருபவை. ஞாயிறு 30 கி.மீ. ஓடிவிட்டுச் செவ்வாய் ரத்தம் கொடுத்து, தூக்கம் கெட்ட நண்பர்கள் எனக்கு இரண்டு பேர். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டினும் பொய்யாக உயரும். நான் ஒரு வாரம் மெதுவாக மட்டும் ஓடி, அதே ஆய்வகத்தில், அதே காலை வேளையில் கொடுக்கிறேன்.

விட்டமின் சி, ஈ எவ்வளவு எடுத்தாலும் நல்லதுதானே? ரெகவரி சீக்கிரம் வரும்னு சொன்னாங்க.

பயிற்சியில் உண்டாகும் ஆக்சிஜனேற்ற அழுத்தமே தசைக்கு "மாறு" என்று சொல்லும் தகவல். அதை அதிக அளவு ஆன்டிஆக்சிடன்ட்டால் துடைத்துவிட்டால் தகவலும் போய்விடும். 2009-இல் வந்த ஆய்வில் தினம் 1000 மி.கி. சி, 400 ஐ.யூ. (விட்டமினை அளக்கும் ஓர் அலகு) ஈ எடுத்தவர்களிடம், உடல் இன்சுலினுக்கு நன்றாக இணங்கும் முன்னேற்றம், உடற்பயிற்சியால் வர வேண்டியது, வரவில்லை. 2014-இல் நார்வேயில் நடந்த ஆய்வில் தசைச் செல்லில் நடக்க வேண்டிய மாற்றங்கள் சில மங்கின, ஆனால் விஓ2 மேக்ஸ் (உடல் அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு) விட்டமின் எடுத்தவர், எடுக்காதவர் இரு தரப்பிலும் ஒரே மாதிரி உயர்ந்தது. ஆக, ஓட்டம் பாழாகும் என்று சொல்ல மாட்டேன். தினமும் பெரிய டோஸ் எடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டில் வருவதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

தசைப்பிடிப்புக்கு மெக்னீசியமா, உப்பு மாத்திரையா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஓட்டத்தின் கடைசியில் வரும் பிடிப்புக்குத் தசைச் சோர்வே முக்கியக் காரணம் என்ற கருத்து வலுத்துவருகிறது. பயிற்சியில் ஓடாத வேகத்தைப் போட்டியில் ஓடினால் கெண்டைக்கால் பிடிக்கும். மெக்னீசியம் கூடினால் வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

உப்பு மாத்திரை போட்டுக்கொண்டு எவ்வளவு தண்ணீர் வேண்டுமானாலும் குடிக்கலாம் என்ற நம்பிக்கை ஆபத்தானது. 2002 பாஸ்டன் மாரத்தானில் முடிவுக் கோட்டில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. சோடியம் குறைந்ததோடு சேர்ந்து தெரிந்தது, ஓட்டத்தில் எடை ஏறும் அளவுக்குக் குடித்ததுதான். தாகத்துக்குக் குடியுங்கள்.

மல்டிவிட்டமின் எடுக்கறேன். சிறுநீர் பளிச்சுனு மஞ்சளா வருது. பாதம் வேற மரத்துப் போகுது, ஷூ இறுக்கமோ?

மஞ்சள் நிறம் ரிபோஃபிளேவின், அதாவது பி2. விட்டுத்தள்ளுங்கள். மரத்துப் போவதைத்தான் விடக் கூடாது. ஷூ லேஸைத் தளர்த்திப் பாருங்கள், கூடவே டப்பாக்களின் லேபிளை எல்லாம் எடுத்து பி6-ஐக் கூட்டிப் பாருங்கள். மல்டிவிட்டமினில் கொஞ்சம், மெக்னீசியம் மாத்திரையில் கொஞ்சம், எனர்ஜி பானத்தில் கொஞ்சம் என்று சேர்ந்துவிடும். பி6 நீண்ட நாள் அதிகமானால் நரம்பைக் கெடுக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவை 12 மி.கி. என்று குறைத்தது. பல மாத்திரைகளில் ஒன்றிலேயே அதைவிட அதிகம் இருக்கும்.

எனக்கு பிசிஏஏ நல்லா வேலை செய்யுது. ஆனா அது மனப்பிரமைன்னு சொல்றாங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பிசிஏஏ என்பது தசைவலி குறையும் என்று விற்கும் அமினோ அமிலப் பவுடர். நானும் அதன் பக்தையாக இருந்தவள்தான். அதனால் என் தம்பியைப் பிடித்தேன். காலி கேப்ஸ்யூல்கள் வாங்கி, பாதியில் பிசிஏஏ பவுடரையும் பாதியில் மாவையும் அடைத்து, இரண்டு ஒரே மாதிரி டப்பாவில் போட்டு, 'அ', 'ஆ' என்று மட்டும் எழுதித் தரச் சொன்னேன். எது எது என்ற சீட்டு அவனிடம். பத்து லாங் ரன், ஒவ்வொன்றுக்கும் எந்த டப்பா என்பதை அவன் நாணயம் சுண்டி முடிவு செய்வான். மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போது தொடை வலிக்கு 10-க்கு மதிப்பெண் போட்டு, "இன்று எடுத்தது நிஜமா, மாவா" என்ற என் ஊகத்தையும் எழுதுவேன்.

பத்தில் ஐந்து முறை சரியாக ஊகித்திருந்தேன். அதாவது, நாணயம் சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். வலி மதிப்பெண் இரண்டு டப்பாவுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி. "இன்னிக்கு நிச்சயம் நிஜம், வலியே இல்ல" என்று அடிக்கோடிட்டு எழுதிய நாளில் சாப்பிட்டது மாவு. தம்பி அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வைத்திருக்கிறான்.

உங்களுக்கும் அப்படியே வரும் என்று சொல்லவில்லை. பத்து நாள் என்பது சின்னக் கணக்கு. ஆனால் ஊகத்தை எழுதுங்கள், அதுதான் முக்கியம். 2006-இல் சைக்கிள் வீரர்களிடம் செய்த ஓர் ஆய்வில், காஃபின் என்று சொல்லி வெறும் போலி மாத்திரை கொடுத்தார்கள். அதிக டோஸ் கிடைத்ததாக நம்பியவர்கள் அதிகமாக முன்னேறினார்கள். நம்பிக்கைக்கும் கால் உண்டு. இந்தச் சோதனை எல்லாவற்றுக்கும் ஒத்துவராது: பீட்டா-அலனின் குறுகுறுப்பிலும், கிரியேட்டின் எடையிலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வாட்ச்ல விஓ2 மேக்ஸ் ரெண்டு புள்ளி ஏறிடுச்சு. இது சப்ளிமென்ட்தானே?

வாட்ச் உங்கள் மூச்சை அளக்கவில்லை. பேஸையும் நாடியையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. வானிலை குளிர்ந்தால் நாடி குறையும், எண் ஏறும். மணிக்கட்டு சென்சார் சில சமயம் நாடிக்குப் பதில் கால் வைக்கும் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈஸி ரன்னில் 175 என்று காட்டினால் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும்.

வாட்சை விடுங்கள், நேரமே தானாக மாறக்கூடியது. ஒரே ஆள், ஒரே தூரம், ஒரே முயற்சி என்றாலும் ஓரிரு சதவீதம் ஏறி இறங்கும். 25 நிமிடத்தில் 5 கி.மீ. ஓடுபவருக்கு அது 15 முதல் 30 விநாடி. நன்றாக நிரூபிக்கப்பட்ட காஃபினே இரண்டிலிருந்து நான்கு சதவீதம்தான் தரும் என்கிறார்கள். ஒரே ஒரு ஓட்டத்தில் குறைந்த 20 விநாடிக்கு யாரும் உரிமை கோர முடியாது.

போட்டில ஓடுறேன். சப்ளிமென்ட்டால ஊக்கமருந்து சோதனைல மாட்டிப்பேனா?

மாட்டலாம். கொலோன் நகர ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட முடிவில், 94-இல் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் இருந்தன. ஏறக்குறைய ஏழில் ஒன்று. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் விதிப்படி, உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு விளையாட்டு வீரருடையது. "எனக்குத் தெரியாது" என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், வழக்கை இல்லாமல் ஆக்காது. காஃபினுக்கு 2004 முதல் தடை இல்லை.

தடை செய்த பொருள் இருக்கிறதா என்று தனியாகச் சோதித்துத் தரும் இன்ஃபார்ம்டு ஸ்போர்ட், என்எஸ்எஃப் சர்ட்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட் போன்ற முத்திரை உள்ளதை மட்டும் வாங்குங்கள். பேட்ச் எண்ணை நோட்டில் எழுதி, டப்பா தீரும்வரை லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். எடை குறைக்கும், "வெறி ஏற்றும்" பவுடர்களைத் தொடவே வேண்டாம்.

எப்ப உடனே நிறுத்தணும்?

நெஞ்சு வலி, மயக்கம், தாறுமாறான இதயத்துடிப்பு, கண் மஞ்சளாவது, சிறுநீர் கருத்துப் போவது. இவற்றில் ஒன்று வந்தாலும் நிறுத்திவிட்டு டப்பாவோடு மருத்துவமனைக்குப் போங்கள். மூலிகை என்பதால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம்: கிரீன் டீ சாறு மாத்திரைகள் கல்லீரலைக் கெடுத்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரும்பையும் கால்சியத்தையும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும்.

இவ்வளவு சொல்றீங்களே, நீங்க இப்ப என்னதான் எடுக்கறீங்க?

போட்டி நாள் காலையில் காஃபின் 200 மி.கி. ஃபெரிட்டின் 30-க்குக் கீழே போனால் மருத்துவர் சொல்லும் காலம்வரை இரும்பு. வெயில் படாத மாதங்களில், பரிசோதனையில் குறைவாக வந்தால் விட்டமின் டி. அவ்வளவுதான். பாதி தீர்ந்த பீட்டா-அலனின் டப்பா ஒன்று அலமாரியில் இருக்கிறது, தேதி முடிந்துவிட்டது. 'ஆ' டப்பாவில் ஏழு கேப்ஸ்யூல் மீதம். அது மாவா, பவுடரா என்ற சீட்டைத் தம்பி எங்கேயோ தொலைத்துவிட்டான்.